சோபாவுக்கு மேல் மாட்ட ஒரு படம்

நேற்று மாட்டியபோது படம் கறையைச் சுத்தமாக மறைத்திருந்தது. தள்ளி நின்று, சோபாவில் ஏறிக் கிட்டத்தில் போய், சமையலறை வாசலிலிருந்து எட்டி, எல்லா விதத்திலும் பார்த்து நிம்மதியான பிறகுதான் அவள் படுக்கப் போனாள். இன்று காலை டீ டம்ளரோடு கூடத்துக்கு வந்தால், சட்டத்தின் வலது ஓரத்துக்கு வெளியே, கட்டைவிரல் அகலத்துக்கு, பழுப்பாக ஒரு வளைவு தெரிந்தது.

படம்தான் நகர்ந்திருக்கும் என்று சட்டத்தை வலப்பக்கம் தள்ளினாள். இடப்பக்கமும் அதே அகலத்துக்குக் கறை வெளியே வந்தது.

அது தலை எண்ணெய் பட்ட கறை. சோபா வருவதற்கு முன் அந்த இடத்தில் அக்காவின் கட்டில் கிடந்தது. பக்கவாதத்தில் பேச்சு போய், வலது கை மட்டும் மிச்சமிருந்த அக்கா, வருஷக்கணக்கில் அந்தச் சுவரில்தான் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தினமும் தலையில் எண்ணெய் வைத்துச் சீவி விட்டதும் இவள்தான். ஏதாவது வேண்டுமென்றால் அக்கா விரலை மடக்கிச் சுவரைத் தட்டுவாள். டொக், டொக். சுவருக்கு அந்தப் பக்கம் இவளுடைய அறை. போட்டது போட்டபடி எழுந்து வருவாள். வராமல் இருந்தது ஒரே ஒரு மத்தியானம்.

கறையின் மேல் பெயிண்டர் இரண்டு தடவை பூசிப் பார்த்தார். காய்ந்த கையோடு எண்ணெய் மறுபடி மேலே வந்தது. எண்ணெய் குடித்த சுவர் எதற்கும் மசியாது, பேசாமல் ஒரு படத்தை மாட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை அண்ணன் வருகிறார். கடல் தாண்டி இருக்கும் மனிதர். சாவுக்கு வர முடியவில்லை. அன்றைக்குப் போனில் அழுதபடி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவ கூப்பிடலையா, பாப்பா?"

"இல்லண்ணா. தூக்கத்துலயே போயிட்டா."

அக்காவும் போன பிறகு அவளுக்கென்று இருப்பது அண்ணன் ஒருவர்தான். வந்தால் இந்தக் கூடத்தில்தான் உட்காருவார். கறையைப் பார்த்தால் கேட்பார். எப்படிச் சாய்ந்திருப்பாள், எங்கே தட்டுவாள், தட்டினால் உன் அறைக்குக் கேட்குமா? கேட்டால் தன் முகமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், அதோடு அண்ணனும் இல்லை என்று ஆகிவிடும்.

படத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனாள். படக்கடைக்காரர் வாய் ஓயாதவர். அத்தனை பெரிய சுவரில் இத்தனூண்டு படமா, யானை முதுகில் ஸ்டாம்பு ஒட்டின மாதிரி இருக்குமே என்று சிரித்தார். சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது படம் இருக்கவேண்டும். உட்காருகிறவர் தலை படாதபடி சாய்மானத்துக்கு மேலே ஒரு சாண் விடவேண்டும். தலையில் விழுந்தால் ஆளைக் கொல்லும் கண்ணாடியே வேண்டாம், துணியில் அச்சடித்ததே போதும். அவளும் ஒழுங்காக அளந்து, சோபாவில் தானே உட்கார்ந்து சாணும் பார்த்து, சொன்ன அளவில் ஒரு படம் வாங்கி மாட்டினாள்.

மறுநாள் அதையும் மீறி வந்திருந்தது. இந்த முறை படத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கோடு. ஒரு கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே ஆரம்பிக்குமோ, அங்கே.

மூன்றாம் தடவை அவளைக் கண்டதும் கடைக்காரரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அளவில் சந்தேகம் இருந்தால் செய்தித்தாளை ஒட்டி அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் பதித்து, ஒரு நாள் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அதையும் செய்தாள். சோபா அகலத்துக்குத் தாள்களை இணைத்து ஒட்டி, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நல்ல மத்தியான வெயில், வெளியே எவரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்த சத்தம், குழாயில் சொட்டும் தண்ணீர், இவற்றுக்கு நடுவே அக்காவின் தலைமாட்டில் எப்போதும் இருந்த அந்த லேசாகச் சிக்கடித்த எண்ணெய் வாசனை, அவள் மடியில் யாரோ தலை வைத்துப் படுத்தாற்போல் அவ்வளவு கிட்டத்தில் வந்தது.

தாளின் நடுவே ஒரு பொட்டு ஈரம். பலகாரம் மடித்த காகிதம் போல அந்த இடம் கண்ணாடியாயிற்று. எழுத்துகள் கறுத்தன. பொட்டு அகன்றது. அதற்கு மேலே ஒரு பட்டை. இரண்டு பக்கமும் இரண்டு மேடு. கீழே ஒன்று. நடுவில் இரண்டு குழி மட்டும் நனையவில்லை.

முதலில் வந்தது மூக்கு. அப்புறம் நெற்றி, கன்னம், தாடை.

இத்தனை நாளும் சுவரில் இருந்தது பின்னந்தலை. இப்போது அக்கா திரும்பியிருந்தாள்.

அந்த மத்தியானமும் இப்படித்தான் வெயிலடித்தது. அப்போதுதான் படுத்திருந்தாள். டொக், டொக். ஐந்து நிமிஷம் போகட்டும் என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. டொக், டொக், டொக். தலையணையை எடுத்துக் காதின் மேல் வைத்துக்கொண்டாள். அக்கா அப்படி அவசரமாகத் தட்டியதே கிடையாது, அது இவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அழுத்திக்கொண்டாள். சத்தம் நின்றபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. பாவி, நிம்மதியாகத் தூங்கியும் போனாள்.

தாளைக் கிழித்தெறிந்தாள். பின்னால் சுவர் வெறும் பழுப்பாக இருந்தது.

கடையில் இருந்ததிலேயே பெரிய படத்தை எடுத்தாள். வெளுத்த நிறத்தில் ஏதோ ஏரி. அவள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இதற்கு மேல் பெரிதாக வேண்டுமென்றால் வீட்டைத்தான் மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே கடைக்காரரே வந்து ஆணி அடித்தார். சாய்மானத்துக்கு மேலே அதே ஒரு சாண் விட்டார். கச்சிதமாக அமைந்துவிட்டது என்று தள்ளி நின்று தானே மெச்சிக்கொண்டார். சனிக்கிழமை காலையில் ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தாள். எங்கும் ஒன்றும் வெளியே வரவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தார். நரைத்திருந்தார். அவள் தலையில் கை வைத்து, இளைத்துவிட்டாய் என்றார். இரண்டு வருஷம் தனியாளாகக் கிடந்து பார்த்துக்கொண்டாயே, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று கண் கலங்கினார். அவளுக்கு நின்ற இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. பயணக் களைப்பில் அப்படியே சோபாவில் சாய்ந்தார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். அளவெல்லாம் தன் உயரத்துக்கு உட்கார்ந்து பார்த்து எடுத்தது. அண்ணன் நெட்டை. அவர் தலை அந்த ஒரு சாணையும் தாண்டி, படத்தின் மேலேயே சாய்ந்திருந்தது.

"அண்ணா, இந்த நாற்காலில உக்காருங்களேன்."

"இருக்கட்டும் பாப்பா. இங்கயே நல்லாருக்கு."

டொக், டொக்.

அண்ணன் தலையைத் திருப்பினார். "என்ன சத்தம்?"

ஆமாம், அன்றைக்கு அவள் கூப்பிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போதாவது சொல்லிவிடலாம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேண்ணா."

சத்தம் நின்றது.

எண்ணெய் வாசனை. ஏரியில் ஒரு பொட்டு. மூக்கு. நெற்றி. கன்னம். துணி நனைந்து இருண்டது. முன்பு தாளில் வராத ஒன்று இப்போது வந்தது. வாய்.

அண்ணனின் காதுக்கு நேராக. காதை ஒட்டி.

அது அசைந்தது.

அண்ணன் கண்ணை மூடி, தலையை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் சாய்த்துக்கொண்டார். பேச்சு போன நாளிலிருந்து அக்கா சேர்த்து வைத்திருந்த அத்தனையும் அந்தக் காதில் இறங்கிக்கொண்டிருந்தது. இவளுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கவில்லை.

மூடிய கண்ணிலிருந்து நீர் வழிய, அண்ணன் மெல்ல "ம்" கொட்டினார்.

மறுபடி, "ம்."

பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பார்த்தபடியே, "ம். அப்புறம்?" என்றார். அவளிடம் அல்ல.