முதலில் வந்து நின்ற அழைப்பு

எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினாலும் அதே அழைப்புதான் முதலில் வந்து நின்றது. "பாம்பு" என்று தேடினாள், வந்தது. "மூச்சுத் திணறல்" என்று தேடினாள். அதற்கும் அதுவே வந்தது.

அவசர உதவி மையம் அது. வருகிற அழைப்புகளையெல்லாம் கணினி எழுத்தாக்கிச் சேமித்துவிடும். போனை எடுப்பவர்கள் பழைய அழைப்புகளைத் தேடும்போது எது மேலே வர வேண்டும் என்று மதிப்பெண் விதி எழுதுவது அவள் வேலை. தேடிய சொல் எத்தனை முறை வருகிறது என்பதற்குக் கொஞ்சம் மதிப்பெண், அழைப்பு எவ்வளவு புதியது என்பதற்குக் கொஞ்சம். புதியவை மேலே வரட்டும் என்று மேலதிகாரி கேட்டதால் அன்று பிற்பகல்தான் அந்தப் பங்கைக் கூட்டியிருந்தாள்.

மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்த்தாள். சொல்லுக்கு ஒன்றுமில்லை. முழுவதும் புதுமைக்கே கிடைத்திருந்தது. இந்த நிமிடம் வந்த அழைப்புக்குக்கூட அவ்வளவு கிடைக்க வழியில்லை. தேதி இன்றையதுதான். நேரம், பொழுது சாய்ந்த பிறகு. ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"வாத்தியாரே, இங்க வந்து பாருங்களேன்."

பக்கத்து மேசைக்காரருக்கு அலுவலகத்தில் அந்தப் பெயர்தான். எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் வராத போனுக்கு இவ்வளவு மார்க்கா? அப்ப பொறக்காத பேரனுக்கு நான் இப்பவே வேலை வாங்கிடலாம் போலயே. ஏதோ கடிகாரம் தப்பும்மா. அழிச்சுத் தள்ளு."

அழித்தாள். மறுபடி தேடியபோது அது முதல் இடத்திலேயே இருந்தது. புதுமைக்கான பங்கை அடியோடு எடுத்துவிட்டாள். இனி அது கீழே போய்த்தான் ஆக வேண்டும். "விபத்து" என்று தேடினாள். மேலே அதுதான். இம்முறை எதற்காகக் கிடைத்தது என்று காட்டும் இடம் வெறுமையாக இருந்தது. மதிப்பெண் மட்டும் இருந்தது.

அதுவரை அவள் அழைப்பைத் திறந்து படிக்கவில்லை. இப்போது திறந்தாள்.

"ஹலோ... வெளிய யாரோ கதவத் தட்டுறாங்க. எங்க அக்கா குரல்லயே கூப்பிடுது. அது அக்கா இல்ல. யாராவது சீக்கிரம் வாங்களேன்."

அழைத்த எண் அவள் தங்கையுடையது.

கண் அறுவைச் சிகிச்சை முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு அவர்கள் வீட்டில் தங்கை தனியாகப் படுத்திருந்தாள். உடனே தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"குட்டி, நல்லாக் கேளு. யார் தட்டினாலும் கதவத் திறக்காதே. என் குரல்ல கூப்பிட்டாக்கூட திறக்காதே. உள்தாழ்ப்பாள் போட்டுக்கோ."

"என்னக்கா, விளையாடுறியா?"

"சொன்னதச் செய்டி!"

"சரி சரி, கத்தாதே. போட்டாச்சு."

தாழ்ப்பாள் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மழை பிடித்துக்கொண்டது. வண்டியின் பின்னிருக்கையில், ஈரத் துணியின் புழுக்க வாடையும் கண்ணாடியில் வழியும் சிவப்பு விளக்குகளும் ஓட்டுநர் முணுமுணுக்கும் ஏதோ பாட்டும் ஒன்றாகக் கலந்து தலையைச் சுற்ற வைக்க, அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தையே அவள் திரும்பத் திரும்ப மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை படுக்கையில் இருந்தாள். பேசும்போது கட்டில் கிறீச்சிட்டது. அங்கிருந்து வாசலுக்குச் சுவரைத் தடவித் தடவித்தான் வர முடியும். ஆனால் தங்கை கட்டிலில் இருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே வாசல் தாழ்ப்பாள் விழுந்தது.

போட்டது யார்?

மறுபடி கூப்பிட்டாள். தங்கை எடுக்கவில்லை. மறுபடி. மணி அடித்து ஓய்ந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது இருட்டிவிட்டது. சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. தட்டினாள். கையால், பிறகு தோளால்.

"குட்டி! நான்தான்டி! திற!"

உள்ளேயிருந்து தங்கையின் குரல். மெல்லிய, அழுகிற குரல். அவளோடு அல்ல, போனோடு பேசியது.

"ஹலோ... வெளிய யாரோ கதவத் தட்டுறாங்க. எங்க அக்கா குரல்லயே கூப்பிடுது..."

"நான்தான்டி அது! உண்மையா நான்தான்!"

"அது அக்கா இல்ல."

பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். செடிகள் காலைக் கிழித்தன. கண்ணாடி. உள்ளே மங்கிய விளக்கு. திரை முழுதாக மூடியிருக்கவில்லை.

கட்டிலில் தங்கை. காதில் போன். கட்டுப் போட்ட முகத்தை ஒருத்தியின் வயிற்றில் புதைத்திருந்தாள். நின்றுகொண்டிருந்தவளின் முதுகுதான் தெரிந்தது. தான் போட்டிருக்கும் அதே நீலச் சட்டை. அதே தளர்ந்த பின்னல். மழையில் நனையாமல்.

"பயப்படாதே குட்டி," என்றது அது. அக்காவின் குரல். அவளே சொல்வதுபோல், அதே இழுப்போடு. "நான் அப்பவே வந்துட்டேன்ல."

அவள் ஜன்னலை இரண்டு கைகளாலும் அறைந்தாள். கத்தினாள். உள்ளே தங்கை நடுங்கி அதை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அது குனிந்தது. தங்கையின் தலைக்குப் பின்னால் கட்டின் முடிச்சைத் தேடிப் பிடித்தது. அவிழ்க்கத் தொடங்கியது. சுற்றுச் சுற்றாக. நிதானமாக.

தங்கை முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள். சிரித்தாள்.