ஒட்டு விழுந்த பால்கனி

சுவரில் ஈரக்கறை இரண்டாக இருந்தது.

ஒட்டகத் தலை மாதிரி ஒன்று அங்கே எப்போதும் உண்டு. வேலைக்குப் போகும் வழியில் அவள் தினம் பார்ப்பதுதான். இன்று அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. அதே மூக்கு, அதே தொங்கும் உதடு, அச்சில் வார்த்த மாதிரி. இரண்டாவது கறை இருந்த இடத்தில்தான் நேற்றுவரை தையல்காரர் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். மிஷின் எண்ணெய் வாசனை மட்டும் காற்றில் இன்னும் மிச்சமிருந்தது.

நேற்று மாலை அவரை அவள்தான் அழித்தாள். படத்தில்.

அலுவலகத்தில் அவளுக்கு ஒட்டுக்காரி என்று பெயர். எதிர்நடைபாதையில் ஒவ்வோர் அடியாக நகர்ந்து, தெருவின் ஒரு பக்கத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, கணினியில் ஒரே நீளப் படமாக ஒட்டுவது அவள் வேலை. அந்தப் படத்தை வைத்து 'இடத்தின் மௌனத்தை வாசிப்பது' முதலாளியின் வேலை. வார்த்தைக்கு வார்த்தை தொலைநோக்கு என்பார்; அதுவே அவர் பெயராகிவிட்டது. அலுவலகக் கண்ணாடிக் கதவு மூடியிருப்பது தெரியாமல் அவ்வப்போது நெற்றியில் வாங்கிக்கொள்வார் என்பது வேறு விஷயம். மிக்ஸியும் குழந்தைகளும் போட்டிபோட்டு அலறும் தெருவில் மௌனம் எங்கிருந்து வரும்? அழித்தால்தான் வரும்; ஆள் இருக்கும் இடத்தின் மேல் பக்கத்துச் சுவரை நகலெடுத்து வைத்துவிட்டால் போதும். ஆளில்லாத இடம் என்று நகர்மன்றத்தில் காட்டிவிட்டால், இடித்துக் கட்டலாம்.

"தையல்காரரைக் காணோம் சார். நாம அழிச்ச இடத்துல வெறும் சுவரு நிக்குது."

"அதாம்மா நம்ம படத்தோட வலிமை," என்றார் தொலைநோக்கு, மாலைக்குக் கழுத்தை நீட்டுபவர் போல. "நிஜம் நம்மளைப் பின்பற்ற ஆரம்பிச்சிருச்சு. சரி, அந்த மூணாவது மாடி பால்கனி. யாரோ ஒரு அம்மா துணி காயப்போடுறாங்க. கண்ணை உறுத்துது. எடுத்துடு."

"அது எங்க அக்கா."

"படத்துக்குள்ள வந்துட்டா எல்லாரும் புள்ளிதாம்மா."

"அப்ப முதல்ல பெரிய புள்ளியை அழிப்போம் சார். என்னால முடியாது."

சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது, அவளுடைய நாற்காலியிலிருந்து அவர் எழுந்துகொண்டிருந்தார். திரையில் அக்காவின் பால்கனி இல்லை. பக்கத்துவீட்டுச் சுவர் அங்கே நீண்டிருந்தது. அதன் குழாய்மேல் ஒரு புறா. கொஞ்சம் தள்ளி, அதே குழாய், அதே புறா.

போன் அடித்தது.

"ஏய், சிரிக்காம கேளு," என்றாள் அக்கா. "பால்கனிக் கதவைக் காணோம்டி. துணி எடுக்கலாம்னு போனா சுவரு நிக்குது."

"அக்கா, வாசல் பக்கம் போ. உடனே வெளியில போ."

"போனேன்டி. அங்கயும் சுவரு. எங்க திரும்பினாலும் ஈரச் சுவரு. அதுக்குள்ள..." குரல் தாழ்ந்தது. "அதுக்குள்ள யாரோ மிஷின் தைக்கிறாங்க."

அவளுக்கும் கேட்டது. டடடட. நின்று, மறுபடி டடடட.

பழைய துண்டுகளைத் திறந்தாள். ஒவ்வொரு துண்டிலும் அடுத்ததன் ஓரம் கொஞ்சம் கூடுதலாக விழும்படிதான் அவள் எடுப்பாள். ஒட்டுக்கோடு ஆள் மேல் விழாமல் நகர்த்திவைக்க அந்த ஓரம்தான் உதவும். ஆனால், "ஒரே விஷயம் எதுக்கும்மா ரெண்டு தடவை? தண்டம்" என்று போன வாரம் தொலைநோக்கே எல்லா ஓரங்களையும் நறுக்கியிருந்தார். அக்கா சரியாக வெட்டில் நின்றிருந்தாள். ஒரு துண்டில் பாதி உடம்பு, தெருவைப் பார்த்தபடி. அடுத்த துண்டை எடுப்பதற்குள் வீட்டுப்பக்கம் திரும்பியிருக்கிறாள். அதில் மறுபாதி, முதுகு காட்டி. முழு அக்கா எதிலும் இல்லை.

"காத்து வரலைடி," என்றது போன்.

"என்னம்மா பண்ற? நாளைக்குக் காட்டணும்!" தொலைநோக்கின் கை மின்சுவிட்சை நோக்கிப் போனது.

அவள் திரும்பவில்லை. "அதைத் தொட்டீங்கன்னா அடுத்த படம் உங்களை வெச்சுதான் எடுப்பேன் சார். சுவரும் நானே பார்த்து வெக்கிறேன்."

கை நின்றது.

பால்கனி இருந்த இடத்தில் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டினாள். நெற்றியில் கோடு பொருந்தவில்லை. மூக்கில் பொருந்தவில்லை. பொருந்தாவிட்டால் போகட்டும், வெளியே வரட்டும். சேமித்தாள்.

மிஷின் சத்தம் நின்றது.

"கதவு கெடைச்சிருச்சுடி," என்றாள் அக்கா. "இரு, அங்கயே வர்றேன்."

மாலை வெயில் மேசையை விட்டு இறங்கியது. ஈரச் சுண்ணாம்பு வாசனை. மாடிப்படியில் காலடி. ஒரு கால் ஏறுவது போல. ஒரு கால் இறங்குவது போல.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்கா நின்றாள்.

பாதி முகம் இவளைப் பார்த்துச் சிரித்தது, பல்லிடுக்கில் துணிக் கிளிப்போடு. மறுபாதியில் முகம் இல்லை. பின்தலை. கூந்தல். நடுவே, உச்சி முதல் பாதம் வரை, மயிரிழை விலகிய ஒட்டு.

"ஐயோ... அழிச்சுடும்மா," தொலைநோக்கு மேசைக்குப் பின்னால் முனகினார். "அழிச்சுடு."

"இனி யாரையும் அழிக்க மாட்டேன்."

எழுந்தாள். கதவைத் திறந்தாள். தன் பக்கம் நீண்ட கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. வலது கை.

முதுகு காட்டிய பாதியின் கையும் வலது கைதான். அது யாரிடமும் நீளவில்லை. அந்தப் பக்கம் எங்கும் இல்லாத ஒரு சுவரை, விரல் விரலாக, தடவிக்கொண்டே இருந்தது.