தோல் உரிந்த வெள்ளிக் காசு

கரிக்கலாம்பாக்கம். 1955. வெள்ளிக்கிழமை பகல்.

அந்த வீட்டில் அப்போது இருந்தவர்கள்:

உலகநாதன். வீட்டுக்காரன். கூடத்துத் தரையில் மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் அம்மிக் குழவி.

மணியம்மாள். அவன் மனைவி. கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தவள். இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை.

உதுமான். சைக்கிளில் ஊர் ஊராகப் புடவை விற்பவன். பிணத்தின் பக்கத்தில், சட்டை முழுக்க ரத்தத்தோடு பிடிபட்டவன். ஊர்க்காரர்கள் கையைக் கட்டி நெல் அறையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். இப்போதுதான் வெளியே கொண்டுவந்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ராஜாமணி. கான்ஸ்டபிள் இருசப்பன்.

அரங்கநாதன். பழங்காசு மதிப்பிடுகிறவர். ஆள் அனுப்பி வில்லியனூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர். கோட்டு, குடை, கையில் பூதக்கண்ணாடி.

அப்புறம்... பிணத்தின் கையருகே கிடந்து, இப்போது ராஜாமணியின் உள்ளங்கையில் மின்னிய ஒரு வெள்ளி ரூபாய்.

"இவன்தாங்க," என்றாள் மணியம்மாள். "போன மாசமே அந்தக் காசைக் கேட்டான். என் வூட்டுக்காரரு தர மாட்டேன்னாரு. இன்னிக்கி வந்து கொன்னுட்டான்."

"அக்கா, நான் புடவைய எடுத்துகினு வந்தேன். ரத்தத்துல கெடந்தாரு. தூக்கினேன். அவ்ளோதான்," என்றான் உதுமான்.

"கொன்னவன் காசை ஏன் உட்டுட்டுப் போவான்?" என்றார் ராஜாமணி.

"அதைத்தான் நானும் கேக்கறேன், சார்."

"நீ கேக்காத. நான் சொல்றேன்," ராஜாமணி அவன் தாடையைப் பிடித்துத் தூக்கினார். "அசலை எங்கியோ ஒளிச்சுட்டு, போலிய இங்க போட்டுட்ட. இது போலின்னா நீ தூக்குல தொங்கற. புரிஞ்சுதா?"



ராஜாமணி காசை நீட்டினார்.

"பாருங்க. உலகநாதன் காசை முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. மூணு மாசம் முன்னாடி. அதுக்கப்புறம் இந்த ஊர்ப் பக்கமே வரல," என்றார் அரங்கநாதன்.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். ஒரு பக்கம். மறு பக்கம். விளிம்பு.

"போலி."

உதுமான் சுவரில் சாய்ந்தான்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் ராஜாமணி.

"உலகநாதன் காசு நல்லா கருத்துப் போயிருக்கும். இது நேத்து அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு. சாயபு யாரையோ வெச்சு வார்த்திருக்கான்."

"இல்லீங்க..." மணியம்மாளின் குரல். "நான்தான் கழுவினேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"வெள்ளிக்கெழம ஆச்சே. விடிகாலைல வெளக்கு, குங்குமச் சிமிழு எல்லாம் கழுவினேன். இந்தக் காசும் கன்னங்கரேல்னு கெடந்துச்சு. விபூதி போட்டு நல்லா அழுத்தித் தேச்சேன். பளிச்சுனு வந்துச்சு."

அரங்கநாதன் கையை உயர்த்தி மறித்தார்.

"நீ சும்மா இரும்மா. உனக்கு இன்னா தெரியும்."

"அவங்க சும்மா இருக்க வேணாம்," என்றார் ராஜாமணி. "அது அவங்க வூட்டுக் காசு. ஏம்மா, ஏதாவது அடையாளம்?"

"பிறை மாதிரி ஒரு குறி இருக்கும். அதுக்குக் கீழ ஒரு வெட்டு."

இருந்தது. இரண்டும் இருந்தன.

"வெட்டைக் கூடவா வார்ப்பான்?" உதுமானுக்குக் குரல் திரும்பியது. "ஓரத்தைப் பாருங்க, சார். எழுத்து பாதியில நிக்குது. அந்தக் காலத்துல அச்சு பெருசு, காசு சிறுசுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. போலி பண்றவன் எழுத்து முழுசா தெரியற மாதிரி பண்ணுவான்."

"வாய மூடுடா, புடவைக்காரா," அரங்கநாதன் சீறினார். "நீ எனக்குப் பாடம் நடத்தறியா?"

"அவன் சொல்றது சரியா, தப்பா?" என்றார் ராஜாமணி.

அரங்கநாதன் காசை மறுபடி பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்தார்.

"...சரி. அசல்தான். புதுச்சேரியில அடிச்ச ஆற்காட்டு ரூபாய். வெயில்ல பாக்காததால தப்பாச் சொல்லிட்டேன்."

"பரவால்ல. தப்பு எல்லாருக்கும் வரும்." ராஜாமணி சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. "விலை இன்னா போவும்?"

"போன மாசம் ஒரு பிரெஞ்சுத் துரை எண்ணூறு தரேன்னாரு."

"இப்ப பளபளன்னு வேற ஆயிருச்சு. ஆயிரம் போவுமா?"

"ஆயிரமா?"

அரங்கநாதனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"ரெண்டு ரூபா கூடப் போவாதுய்யா. கருப்புத் தோலுதான் காசுக்கு உசுரு. கையே படாத முதல் ரகம் அது. தோலை உரிச்சு, மேடெல்லாம் தேச்சு, எழுத்துக்குள்ள விபூதிய அப்பி... இது காசு இல்ல, வெறும் வெள்ளித் துண்டு. அந்த முட்டாள் உலகநாதனுக்கு அது தெரியல. தலைல அடிச்சுக்கினேன். பல்ல இளிச்சுகினு, 'பளபளன்னு ஆயிருச்சுல்ல, இன்னும் அம்பது சேத்துக் குடு'ன்னு என்னையே கேக்கறான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.



"எப்ப கேட்டாரு?" என்றார் ராஜாமணி, மெதுவாக.

அரங்கநாதனின் பார்வை வாசலுக்குப் போனது.

"நேத்து வரைக்கும் கருப்பு. இன்னிக்கி விடிகாலைலதான் வெள்ளை. மூணு மாசமா இந்தப் பக்கமே வராத உங்ககிட்ட... அம்பது சேத்துக் கேட்டது எப்ப?"

குடை கீழே விழுந்தது.

"புடவைக்காரன் கொன்னிருந்தா காசை எடுத்துகினு ஓடியிருப்பான். நான் கொன்னிருந்தாலும் எடுத்திருப்பேன். எங்களுக்கெல்லாம் மின்னினா வெள்ளி. இது எடுக்கக்கூட லாயக்கில்லன்னு தெரிஞ்சவன், இந்தச் சுத்து வட்டாரத்துல ஒரே ஆளு."

"துரை திங்கக்கெழம கப்பல் ஏறறாரு." அரங்கநாதனின் உதடு மட்டும் அசைந்தது. "இந்தக் காசைக் கொண்டாந்தா என்னையும் பாரீசுக்கு அழைச்சுகினு போறேன்னாரு. அத்தனையும்... ஒரு சிட்டிகை விபூதியில..."

மணியம்மாள் எழுந்து வந்தாள். அவர் முகத்தில் காறித் துப்பினாள். பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

"இருசப்பா, அவன் கைக்கட்டை அவுத்து இவரு கையில போடு. ஜீப் வர்ற வரைக்கும் உள்ள தள்ளு."

கட்டு கை மாறியது. இருசப்பன் அரங்கநாதனை நெல் அறைக்குள் தள்ளினான். கதவை இழுத்து மூடினான். பூட்டினான்.

உதுமான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கதவருகே போனான்.

"பாரீசு போற முசியே... உள்ள சம்பாவும் மட்ட ரகமும் ஒண்ணாக் கலந்து கெடக்கு. சும்மாதானே இருக்கீங்க, தரம் பிரிச்சு வெய்யுங்க."