இரண்டாவது லைனில் யார்?

"அக்கா, என் சிநேகிதனை நாளைக்கு நீக்கப்போறேன். அது சரிதானான்னு நீங்க சொல்லணும்" என்றபடி உள்ளே வந்தார் ரேடியோ ரிப்பேர்காரர்.

முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரைத் தெருவே 'எக்ஸ்சேஞ்ச் அக்கா' என்றுதான் கூப்பிடும். அவர் நாற்காலியைக் காட்டினார். அவருடைய நாத்தனார் அதற்குள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

ரிப்பேர்காரர் தன் கடையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து அறிவிப்புப் பலகை நடத்தினார். உறுப்பினர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து போன் லைன் வழியாக வந்து செய்தி எழுதுவார்கள், சதுரங்கம் ஆடுவார்கள். ஆட்கள் அறுபது; லைன் இரண்டே இரண்டு. அதனால் பத்து நிமிடம் சும்மா இருப்பவரைப் பலகை 'பீப்' என்று கூப்பிட்டு, 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் போதும். தட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும்.

"மூணு வாரமா, நாலு மணியானா என் சிநேகிதன் அந்தத் தையல்காரன் பேர்ல யாரோ வந்து ஆறு மணி வரைக்கும் ரெண்டாவது லைனைப் பிடிச்சுக்கறாங்க. படிக்கறதும் இல்ல, எழுதறதும் இல்ல. பலகை கேட்டா மட்டும் ஒரு தட்டு. நானே துண்டிச்சாலும் அடுத்த நிமிஷம் திரும்ப வந்தாச்சு. அவனைப் பலகையிலிருந்து நீக்கச் சொல்லி மத்தவங்க என்னைப் போட்டுக் காய்ச்சறாங்க."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"போன் பண்ணினேன், என்கேஜ்டு. அதைவிட என்ன சாட்சி வேணும்? நேர்ல போனா முன்னறையில உக்காந்து தைச்சுக்கிட்டிருக்கான். பகல்ல கம்ப்யூட்டரைத் தொடறதே இல்லன்னு சத்தியம் பண்றான். இருபது வருஷப் பழக்கம், அக்கா. பொய் சொல்றானேன்னுதான் மனசு ஆறல."

அவர் நீட்டிய பதிவுத் தாளை நாத்தனார் விரலால் தடவினாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் யாரும் வரல, அண்ணி. தையல் கடை லீவு!"

"முதல் நாள் பதிலையும் பாரு" என்றார் அக்கா. அன்று மட்டும் பலகையின் கேள்விக்கு, ஆங்கில எழுத்துகளில் 'இருக்கோம்' என்று பதில் இருந்தது.

நாலரை மணிக்கு மூவரும் தையல் கடையில் இருந்தார்கள். தையல்காரரின் வலது மணிக்கட்டில் கட்டு. மெஷின் பக்கத்தில் போன் மௌனமாகக் கிடந்தது. திரைக்குப் பின்னால் உள்ளறையில் அவர் மனைவி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்; அவர் அம்மா ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க ரெண்டு பேரா இருக்க முடியாது, அண்ணி" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். "மாமியாரும் மருமகளும் எதுலயும் ஒத்துப்போனதா சரித்திரமே இல்ல."

அக்கா சிரித்தார். "லைனுக்கு ரெண்டு முனை உண்டு. இவர் தன் முனையை மட்டும் பாத்தார். அங்கே லைனைப் பிடிச்சா இங்கே போன் அடிக்காது. வந்தவங்களுக்குப் பலகையில ஒரு வேலையும் இல்ல. இந்த மணி அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பழகினவர் ஒரு தட்டு தட்டிட்டுப் போவார். புதுசா வந்தவங்கதான் கேட்ட கேள்விக்கு மரியாதையா பதில் எழுதுவாங்க. அதுவும் 'இருக்கேன்' இல்ல, 'இருக்கோம்'. ஆக, ரெண்டு பேர்."

"அட, எங்களுக்குக் கம்ப்யூட்டரே தெரியாதுங்க" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

'பீப்' என்றது உள்ளறைக் கம்ப்யூட்டர். அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி ஒரு தட்டு தட்டினார்.

ரிப்பேர்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சாயங்காலம் யாரும் கூப்பிடலயேன்னு பாத்தேன்" என்றார் தையல்காரர் பரிதாபமாக. "ஜனங்க திருந்திட்டாங்கன்னு நினைச்சேன்."

"சாயங்காலமானா வரிசையா போன் வரும். யார் கூப்பிட்டாலும் நாளைக்கு ரெடின்னு சொல்லிடறார்" என்றாள் மனைவி. "ஒரே நாளைக்குப் பதினோரு சட்டை! மணிக்கட்டு வீங்கிப்போச்சு."

"ரிசீவரை எடுத்துக் கீழே வச்சா, பாத்துட்டு மறுபடி வச்சுடுவான்" என்றார் அம்மா.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?" என்றார் தையல்காரர் மனைவியிடம்.

"சொன்னேன். நாளைக்குப் பேசலாம்னீங்க."

ரிப்பேர்காரர் நண்பனின் தோளில் கை போட்டார். "உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்டா. மன்னிச்சுக்கோ."

அக்கா சொன்னபடி இணைப்பைத் துண்டித்துவிட்டு, போனை உள்ளறைக்கு மாற்றினார்கள். ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. பழக்கத்தில் தையல்காரரின் கை பாதி தூரம் போய்த் திரும்பியது.

"ஆமா, தையல் கடைதான்" என்றார் அம்மா. "நாளைக்கா? அடுத்த மாசம் பதினெட்டு. நான் யாரா? அவனைப் பெத்தவ."

டொக்கென்று வைத்தார். மருமகள் காலண்டரில் பதினெட்டாம் தேதியில் எழுதிக்கொண்டாள். முன்னறையில் மெஷின் நிதானமாக ஓடத் தொடங்கியது.