சத்தமில்லாத ஒரு கேபின்!

பென்னியின் செல்போன் அடித்தால் வீடே அதிரும்!

அன்று காலை எட்டு மணிக்கு, ஃபிரிட்ஜ் மேலே கிடந்தபடி அது அலறியது.

வார லீவு என்பதால் பென்னி அப்போதுதான் குளித்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே நின்றிருந்தாலும் அவனுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருபத்தைந்து வருஷமாக இரும்பு அடிக்கிற ஹாமர் மிஷின் ஓட்டுகிறவன். இடது காது முழு அவுட். வலது காதில் போனை ஒட்டி வைத்துக்கொண்டால் ஏதோ கொஞ்சம் கேட்கும்.

அவன் மனைவி சுகிர்தா ஓடி வந்து போனை எடுத்தாள்.

"ஹலோ! யாரு?"

"டிராவல்ஸ்ல இருந்து நர்மதா பேசறேன்... பென்னி சார் இல்லீங்களா?"

"குளிச்சிக்கினு இருக்காரு. நான் அவரு ஊட்டுக்காரி. இன்னா விஷயம்?"

"அக்கா, கொஞ்சம் மெதுவாவே பேசுங்க... எனக்கு நல்லா கேக்குது. கப்பல் டிக்கெட் விஷயம். கேபினை மாத்திட்டேன்னு சார்கிட்ட சொல்லிடுங்க."

"மாத்திட்டியா? எதை மாத்துன?"

"நீங்க எடுத்த ரூமைத்தான்க்கா. சார் நேத்து வந்து மாத்தச் சொன்னாரே... உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது!

இருபத்தைந்து வருஷ உழைப்புக்குக் கம்பெனி கொடுத்த பரிசு அது. சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் மூன்று ராத்திரி. வருகிற திங்கட்கிழமை புறப்பாடு. கேபினை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று கப்பலின் பிளானைக் கொடுத்து அனுப்பியிருந்தாள் நர்மதா.

அந்தப் பிளானோடு சுகிர்தா ஒரு வாரம் குடித்தனமே நடத்தினாள்.

ஐந்தாவது மாடி. கப்பலுக்கு நட்டநடு, அதனால் ஆட்டம் குறைவு. மேலேயும் ரூம், கீழேயும் ரூம். லிஃப்ட்டுக்குத் தூரம். எஞ்சினுக்கு அதைவிடத் தூரம். கடைசியில் ஒரு கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டாள்.

பன்னிரண்டு வருஷம் பவர் பிரஸ்ஸில் தகடு வெட்டியவள் அவள். இப்போது குடியிருக்கிற லைன் வீட்டுக்குப் பின்னாலேயே ரோலிங் மில். மூன்று ஷிஃப்ட்டும் ஓடும். சாவதற்குள் மூன்றே மூன்று ராத்திரி சத்தமில்லாத இடத்தில் தூங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. பாவம்!

"எந்த ரூமுக்கு மாத்துனாரு?"

"எட்டாவது மாடி, பின்னாடி கோடி. அதுக்கு நேர் மேல டான்ஸ் ஹால்க்கா! டிரம்ஸ் பொளந்துக்கினே இருக்கும். எல்லாரும் வேணாம்னு ஓடுற ரூமு. நான் எவ்வளவோ சொன்னேன்... அதுதான் வேணும்னாரு."

"ஏனாம்?"

"தெரியலக்கா. பால்கனி உண்டான்னு ரெண்டு தபா கேட்டாரு. அப்புறம்... பால்கனி கம்பி எவ்ளோ உயரம்னு கேட்டாரு."

சுகிர்தா போனை வைத்தாள்.

காது கேட்காத மனுஷனுக்கு எந்த ரூமாக இருந்தால் என்ன என்றுதான் முதலில் நினைத்தாள்.

பென்னி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். அவள் கத்திச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ஆமா சுகி, மாத்துனேன். பால்கனில நின்னு கடலைப் பாக்கலாம் இல்ல? உனக்குத்தான்!"

அவன் அவளைப் பார்த்துச் சிரித்துப் பத்து வருஷம் இருக்கும். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு முதல் பயத்தைக் கொடுத்தது.

போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் போனான். வலது காதில் ஒட்டினான். வாயைக் கையால் பொத்திக்கொண்டான். ரகசியம் பேச ஆரம்பித்தான்.

ஹாமர் ஷாப்காரன் ரகசியம் பேசி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தன் குரல் தனக்கே கேட்காதவனுக்குக் குசுகுசுப்பு எது, கூப்பாடு எது என்று எப்படித் தெரியும்? அவன் குசுகுசுத்தது மூன்று வீடு தாண்டிக் கேட்டது!

"சுமலதா... ரூமை மாத்தியாச்சு. மேல டான்ஸு. அவ எவ்ளோ கத்துனாலும் எவனுக்கும் கேக்காது... கம்பி இடுப்பு உயரம்தான். ஒரே தள்ளு! தலை சுத்தி வுழுந்துட்டான்னு சொல்லிக்கலாம்... இன்னா? டைவர்ஸா? கோர்ட்டுக்கு நடந்து நடந்தே கெழவனாயிடுவேன் நானு. நீ வாய மூடிக்கினு இரு."

சுமலதா, அவன் கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர்.

சுகிர்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். தன் காது நல்ல காதாக இருந்ததால்தானே இதைக் கேட்க முடிந்தது என்று கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

பக்கத்து வீட்டில் கங்கம்மாவின் டிவி சத்தம் சட்டென்று குறைந்திருந்தது. சுகிர்தா அங்கே ஓடினாள்.

"அக்கா... கேட்டியா? அவரு பேசுனதக் கேட்டியா?"

கங்கம்மா வாசலை எட்டிப் பார்த்தாள்.

"மெதுவாடி! தெருவுக்கே கேக்குது... நான் இன்னாத்தக் கேட்டேன்? எனக்குக் காது மந்தம்."

"பொய் சொல்லாதக்கா! நீதான டிவிய கொறைச்ச?"

"என் பையனுக்கு அந்தக் கம்பெனில வேலை வாங்கிக் குடுத்ததே பென்னிதாம்மா. இன்னும் பெர்மனென்ட் ஆவல. எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

கதவு மூடிக்கொண்டது.

பொன்னேரியில் இருக்கிற அண்ணன் எட்வர்டுக்குப் போன் போட்டாள்.

"ஏன்டி கத்துற? காது கிழியுது... இன்னாது, கொல்லப் போறாரா? மச்சானா? ஒரு கோழி அறுத்தாலே அந்தாண்டப் போய் நிப்பாரு! அவரு உன்ன கப்பல்ல கூட்டினு போறாரு. நான் உங்கண்ணிய மெரினாவுக்குக்கூடக் கூட்டினு போனதில்ல. சந்தோஷமா போய்ட்டு வா!"

அவ்வளவுதான். அவளுக்கு வேறு யாரும் இல்லை. போலீஸுக்குப் போனால் சாட்சி எங்கே என்பார்கள்.

சாயங்காலம் பென்னியிடம் போய் நின்றாள்.

"இன்னாங்க... நான் கப்பலுக்கு வரல. எனக்கு உடம்பு சரியில்ல."

"சரி வுடு. உன் இஷ்டம்."

உடனே ஒத்துக்கொண்டான்! அவளுக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. ஒரே ஒரு நிமிஷம்.

துவைக்கிற கல்லிலிருந்து மறுபடியும் ரகசியம்!

"வரமாட்டேன்றா சுமலதா... அதனால இன்னா? ஊட்லயே கேஸ் சிலிண்டர் இருக்குது. திங்கக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன்."

கப்பல் ஏறினால் கடல். ஏறாவிட்டால் நெருப்பு.

இருட்டுகிற வரைக்கும் சுகிர்தா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் எழுந்து சிலிண்டரை மூடினாள். மூடியிருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தாள். எத்தனை நாள் இப்படி மூடிக்கொண்டே இருக்க முடியும்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டே முக்கால்.

சுகிர்தா ரயில் லைன் ஓரம் நின்றாள்.

தினமும் நிற்கிற இடம்தான். ஷிஃப்ட் முடிந்தால் ஆட்கள் மேம்பாலத்தைச் சுற்றுவதில்லை, லைனைத் தாண்டித்தான் வருவார்கள். ஆறு மாசத்துக்கு முன்னால் பென்னி ஒரு லோக்கல் ரயிலில் அடிபடாமல் மயிரிழையில் தப்பினான். அன்றிலிருந்து சுகிர்தா இந்தப் பக்கம் வந்து நின்று சைகை காட்டுவாள். ஹாமர் ஷாப் சைகை. உள்ளங்கையைக் காட்டினால் நில்லு. கட்டை விரலைத் தூக்கினால் ஷாப்பில் அடி, இங்கே தாண்டி வா!

ஷாப்பில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. எல்லாம் விரல்தான். எதிரே தூக்குகிற விரலை நம்பித்தான் பல டன் இரும்பைக் கீழே இறக்குவார்கள். அங்கே யாரும் விரலைச் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்பட்டால் வேலை நடக்காது.

பென்னி செத்துவிடக் கூடாதே என்று, ஆசையாக அவள் ஆரம்பித்த பழக்கம் அது.

அந்தப் பக்க லைனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி ஓரமாகப் பென்னி வந்து நின்றான். கூட வந்தவர்கள் பெட்டிக்குப் பின்னால் இருந்தார்கள். அடுத்த லைனில் என்ன வருகிறது என்று அவனுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அவளுக்குத் தெரிந்தது.

ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து எக்ஸ்பிரஸ்!

ஹாரன் கதறியது. பென்னியின் காதில் அது விழுந்திருந்தாலும், நிற்கிற கூட்ஸ் வண்டியின் ஹாரன் என்றுதான் நினைத்திருப்பான். சத்தம் எந்தத் திசையில் வருகிறது என்று சொல்லுகிற காது அவனிடம் இல்லை.

அவன் அவளைப் பார்த்தான். தினமும் பார்ப்பதுபோல.

அவள் கை தன்னாலே மேலே வந்தது. பழக்கத்தில் உள்ளங்கைதான் விரிந்தது... அப்புறம் ஒவ்வொரு விரலாக மடிந்தது.

கட்டை விரல் மட்டும் நின்றது!

பென்னி காலை எடுத்து வைத்தான். இரண்டு பக்கமும் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரயில்வே போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் அன்புசெல்வன் வீட்டுக்கு வந்தார். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நாலு கேள்விதாம்மா. முடிச்சுட்டுப் போயிடுவேன்."

"இன்னா சார்?"

அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"அவருக்குக் காது கேக்காதுன்னு கம்பெனில சொன்னாங்க. நீங்க எதிர்லதானே நின்னீங்க? வண்டி வர்றதப் பாத்துக் கத்தலையா?"

"கத்துனாலும் அவருக்குக் கேக்காது சார்."

"அதுவும் சரிதான்..."

எழுதிக்கொண்டார். டீப்பாயின் மேல் கிடந்த தாள் அவர் கண்ணில் பட்டது.

"இது இன்னாம்மா?"

"கப்பல் சார். நாளைக்குப் போறதா இருந்தது. இதுல எது சத்தமில்லாத ரூமுன்னு பாத்து நான்தான் வட்டம் போட்டு வச்சேன். நடுவுல இருக்குது... லிஃப்ட்டுக்குத் தூரம்..."

மேலே பேச முடியாமல் அழுதாள். நடிப்பு இல்லை. நிஜமாகவே அழுகை வந்தது.

அன்புசெல்வனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"விபத்துன்னு முடிச்சிடறேம்மா. தைரியமா இருங்க."

அவர் வெளியே போனார். அவள் கதவைச் சாத்தினாள்.

தப்பித்தாயிற்று!

சந்தோஷம் வரவில்லை. பென்னி கடைசியாகப் பார்த்த பார்வைதான் வந்தது. சுவரில் இருந்த ஏசு படத்துக்கு முன்னால் மண்டி போட்டாள். கண்ணை மூடினாள். சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்தாள்.

அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்!

"ஏசப்பா... என்ன மன்னிச்சுடு. வண்டி வர்றதப் பாத்துக்கினேதான் கட்டை விரலைத் தூக்குனேன். உள்ளங்கைய காட்டியிருந்தா அவரு நின்னிருப்பாரு. என்ன நம்பித்தான் காலை வச்சாரு... நான்தான் கொன்னேன் ஏசப்பா. யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்..."

வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த அன்புசெல்வனின் கை அப்படியே நின்றது.

பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் கதவைத் தட்டினார். உள்ளே ஜெபம் நிற்கவில்லை. பலமாகத் தட்டினார். அப்போதும் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவள் தோளைத் தொட்டார்.

சுகிர்தா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"சார்! நீங்க... இன்னும் போவலையா?"

அவர் ஏதோ கேட்டார்.

"இன்னா சார்?"

அவர் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"நீங்களும் மிஷின் வேலை பாத்தீங்களா, எத்தினி வருஷம்னு கேட்டேன்!"

"பவர் பிரஸ்ல பன்னெண்டு வருஷம்... ஏன் சார்?"

"காது டெஸ்ட் பண்ணீங்களா?"

அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நர்மதா 'மெதுவாவே பேசுங்க' என்றாள். அண்ணன் 'ஏன்டி கத்துற' என்றான். கங்கம்மா 'தெருவுக்கே கேக்குது' என்றாள். பென்னியின் ரகசியம் கேட்டது தன் காது நல்ல காது என்பதால் இல்லை... அது கூப்பாடு என்பதால்!

வாசலில் தெருவே கூடியிருந்தது.

"சார்... அவருதான் சார் என்ன கொல்லப் பாத்தாரு! பால்கனிலேருந்து கடல்ல தள்ளப் பாத்தாரு! அதுக்குத்தான் டான்ஸ் ஹாலுக்குக் கீழ ரூமை மாத்துனாரு! சத்தியமா சார்! கங்கம்மாக்காவும் கேட்டுச்சு... அக்கா, நீ சொல்லுக்கா! உன் கால்ல வுழறேன், சொல்லுக்கா!"

கங்கம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பென்னி பேசுனது எதுவும் எனக்குத் தெரியாது சார். எனக்குக் காது மந்தம்... இவ இப்ப ஜெபம் பண்ணாளே, அதுதான் ஒரு வார்த்தை வுடாம கேட்டுச்சு!"

இனிமேல் பேசி என்ன ஆகப்போகிறது? சுகிர்தா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். போகிற போக்கில், பழக்கதோஷத்தில், சிலிண்டரை மூடியிருக்கிறதா என்று பார்த்தாள்.

அன்புசெல்வன் டீப்பாயில் கிடந்த பிளானை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பெருமூச்சு விட்டார். அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று, தெருமுனை வரை கேட்கிற குரலில் சொன்னார்.

"கவலைப்படாதம்மா... புழல் ஜெயில்ல நீ கேட்ட மாதிரியே ரூம் இருக்கு. ஆட்டம் கிடையாது, மேல டான்ஸ் கிடையாது, லிஃப்ட் தொல்லையும் கிடையாது. பால்கனி மட்டும் கேக்காத!"