அணியில்லா விண்ணப்பம்

கூண்டில் ஏறுமுன் சந்தனமாரி பட்டியலை இன்னொருமுறை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டாள். உவமை, ஒன்றைப் போல இன்னொன்று. உருவகம், அதுவே இது. உயர்வு நவிற்சி, கூட்டிச் சொல்வது. வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வதுபோல் திட்டுவது. இதில் ஒன்று வாய்தவறி வந்துவிட்டாலும் இதழினிக்கு நுரையீரல் கிடையாது.

அவள் மகள் இதழினி வெளியே பெஞ்சில், காற்றுப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. புதுக்கொற்கை நகரில் மாதத்துக்கு ஒரே ஒரு நுரையீரல்தான் வார்க்க முடியும். அது யாருக்கு என்று ஒதுக்கீட்டு மன்றம் முடிவு செய்யும். முன்பெல்லாம் உருக்கமாகப் பேசத் தெரிந்தவர்களே வாங்கிக்கொண்டு போனார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழியை ஒழிக்கவே மன்றத் தலைவி திலகவல்லி அணிகாட்டியைக் கொண்டுவந்தார். பேச்சில் அலங்காரம் தட்டுப்பட்டால் கருவி அதன் பெயரைச் சொல்லும்; விண்ணப்பம் தள்ளுபடி. நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது?

ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. முதல் முறை, "எம் மவ பூ மாதிரிம்மா" என்றாள் சந்தனமாரி. "உவமை" என்றது கருவி. அடுத்த முறை, "அவதாம்மா என் உசுரு" என்றாள். "உருவகம்." பெற்றவள் வேறு எப்படித்தான் பேசுவாள்?

அதன்பிறகுதான் மன்ற வாசல் கடையில் அணிப் பட்டியலை வாங்கினாள். மீன் ஆலையில் இறால் உரித்தபடியே பத்து நாள் மனப்பாடம் செய்தாள். உச்சியில் இருந்த வரி, 'தன்மை: உள்ளதை உள்ளபடி சொல்லுதல்.' எப்படிப் பேச வேண்டும் என்று தலைப்பிலேயே வழி சொல்லிவிட்டார்களே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, கீழே இருந்தவற்றையெல்லாம் விலக்கப் பழகினாள்.

"இது கடைசித் தடவை. பாத்துப் பேசும்மா" என்றார் கூண்டருகே நின்ற மன்றக் குமாஸ்தா.

சந்தனமாரி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பேரு இதழினி. வயசு ஒம்பது. வலது நுரையீரல் வேலை செய்யல. இடதுல கால்வாசிதான் வேலை செய்யுது. இருபது நாள்னு டாக்டர் சொல்லியிருக்காவ. நுரையீரல் வேணும்."

அழவில்லை. குரல் ஏறவில்லை. கருவி பேசாமல் இருந்தது. தலைவி பேனாவை எடுத்தார்.

"தன்மையணி" என்றது கருவி.

"தன்மையா? அது பேசுத முறைல்லா?"

"பட்டியல்ல அதுதாம்மா முதல் அணி" என்றார் குமாஸ்தா, அவள் முகத்தைப் பார்க்காமல். "உள்ளத உள்ளபடி சொன்னா அதுவும் அலங்காரந்தான். முக்காவாசிப் பேர் இதுலதான் விழுதாவ."

சந்தனமாரி நேராகத் தலைவியைப் பார்த்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப எப்படிக் கேட்டா தருவிய?"

"விடை வேண்டா வினா" என்றது கருவி.

திலகவல்லி பதில் சொல்ல வாய் திறந்தார். விடை வேண்டா வினாவுக்கு மன்றத்தார் விடை சொல்லலாகாது. அவரே எழுதிய விதி. வாயை மூடிக்கொண்டார்.

வெளியே இதழினி இருமுவது கேட்டது. அதற்கு மட்டும் கருவி பெயர் எதுவும் சொல்லவில்லை.