நல்மேய்ப்பர்புரம் கோயிலின் வடக்குச் சுவர்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கோயிலுக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எபனேசர், மணியடித்துக் கதவு பூட்டுகிற பெனோ, கொத்தனார் கொம்பையா, அவரிடம் சித்தாளாக வந்த இசக்கித்தாய். வேறு யாரும் இல்லை. பிற்பாடு பலர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். நிற்கவில்லை.

நல்மேய்ப்பர்புரம் மெதடிஸ்ட் கோயிலுக்கு மறுநாள் நூறு வயது. சேரன்மகாதேவியைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே, இருபத்தெட்டு வீட்டார் கூடுகிற சின்னக் கட்டடம். அதன் வரலாற்றை நூற்றாண்டு மலருக்கு எபனேசரே எழுதியிருந்தார். கட்டியவர் அவருடைய தாத்தா, உபதேசியார் யோசுவா. கோயில் கட்டிய மூன்றாம் வருஷம் காலரா வந்தபோது ஏழு பேரை மடியில் கிடத்திக் கஞ்சி ஊட்டியவர். அவர்களை அடக்கம் செய்தபின் இலங்கைக்கு ஊழியத்துக்குப் போய் அங்கேயே காலமானவர். தூத்துக்குடியில் கப்பலேற்றிவிட்டது நான்தான் என்று எபனேசரின் தகப்பனார் சாமுவேல் சொல்வார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். மலரில் அந்த வரலாறுதான் இருந்தது. நாளை திறக்கப்போகும் கல்லிலும் அதையே வெட்டியிருந்தார்கள்.

கொம்பையா வடக்குச் சுவரின் பழைய பூச்சைக் கரண்டிக் காம்பால் தட்டி, எங்கே சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று தட்டு. நான்காவது தட்டு அவர் தட்டியதல்ல.

அவர் கரண்டியைப் பார்த்தார். எபனேசர் எதுவும் கேட்காதவர்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய சுண்டுவிரல் உள்நோக்கி வளைந்தது. அந்த வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் பிறவியிலேயே அப்படித்தான். கோயிலில் மாட்டியிருந்த படத்தில் வேதப்புத்தகத்தின்மேல் இருக்கும் யோசுவாவின் கையிலும் அதே வளைவு.

பூச்சு உதிர்ந்ததும் செங்கல் வைத்து அடைத்த ஒரு பக்க அறையின் வாசல் தெரிந்தது. தரையை ஒட்டி, ஒரு கை மட்டும் நுழைகிற துவாரம். அதன் விளிம்பு கை பட்டுப் பட்டு வழுவழுத்திருந்தது. உள்ளிருந்து வந்தது பூட்டிக்கிடந்த அறையின் வாடை அல்ல; இப்போதுதான் வடித்தது போன்ற கஞ்சியின் வாடை.

இசக்கித்தாய் சாந்துச் சட்டியை இறக்கிவைத்தாள். காலராவுக்குப் பிறகு கோயிலை விட்டுப்போன குடும்பம் அவளுடையது.

"எங்க வீட்டுல இதத்தான் சொல்லுவாவ. நோய் பரவிரக் கூடாதுன்னு ஏழு பேரையும் உசுரோட வச்சு அடைச்சது ஒங்க தாத்தா. அதுல நாலு பேரு எங்க ஆளுவ. கல்லுல அவுங்க பேரையும் வெட்டுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் கேக்கல."

எபனேசர் குரலை உயர்த்தவில்லை. "எங்க தாத்தா யாரையும் அடைச்சவரு இல்ல. சாந்து சுமக்க வந்தவ சாந்தைச் சும. கொம்பையா, இத இப்பமே பூசும்வே."

"செவுரு வேர்க்குது அண்ணாச்சி. பூச்சு நிக்காது."

அந்தக் கோயிலில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து ஞாயிறன்று கொண்டுவருவாள். பண்டிகையில் முதல் பிடி எபனேசர் வீட்டுப் பிடி. வேறு எவருக்கும் அந்த உரிமை கிடையாது. இசக்கித்தாய் அரிசிப் பெட்டியைத் திறந்து ஒரு பிடி அள்ளித் துவாரத்தருகே வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் சிரித்தாள்.

"நான் வச்சா எடுப்பாவளா? அது ஒங்க வீட்டு உரிமைல்லா. ஒங்க கையால வச்சுப் பாரும்."

எபனேசர் மூவரையும் வெளியே போகச் சொன்னார். எலி கூட இல்லை என்று பார்த்துவிட்டுத் தாமே அந்தத் துவாரத்தை அடைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். ஏதாவது இருந்தாலும் அதை அந்தப் பெண் பார்க்கக் கூடாது. கதவு சாத்தப்பட்டது. மேற்கு ஜன்னலின் வெயில் பெஞ்சுகளின்மேல் நீளமாகக் கிடந்தது. தூரத்தில் கதிரறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தம், அவர் அரிசியோடு முழங்காலிட்ட அந்த நேரத்தில், யாரோ அணைத்ததுபோல நின்றது.

முதல் பிடியை வைத்தார்.

உள்ளே ஏதோ உராய்ந்தது. ஒரு கை வந்தது. மெலிந்த கை, சாம்பல் நிறம். இசக்கித்தாய் வைத்ததைத் தொடவில்லை. அவர் வைத்ததை ஒரு மணி விடாமல் பொறுக்கிக்கொண்டு போயிற்று.

அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த பிடியை வைத்தார். வளையல் போட்ட கை. அடுத்தது. கிழவரின் கை. அடுத்தது. குழந்தையின் கை, அதற்கு எட்டவில்லை, அவர் அரிசியைக் கிட்டே தள்ளிவிட்டார்.

ஐந்து. ஆறு.

ஏழு.

பிறகு அமைதி. அவர் கரண்டியில் சாந்தை அள்ளினார். முடிந்தது. ஏழு பேர்தான். சாந்தைத் துவாரத்துக்குக் கொண்டுபோனார்.

இன்னொரு கை வந்தது.

அது அரிசியைத் தேடவில்லை. அவருடைய மணிக்கட்டைப் பற்றியது. சூடாக இருந்தது. அதன் சுண்டுவிரல் உள்நோக்கி வளைந்திருந்தது.

செங்கலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சு வாங்கினார். பிறகு, வெகுநேரம் கூப்பிட்டுக் களைத்த குரலில், எபனேசருடைய தகப்பனாரைக் கூப்பிட்டார்.

"சாமுவேலே. கதவத் திறலே."

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த பெனோ ஏழாவது கையோடு ஓடிப்போனவர். அவர் சொன்னதை வைத்து, அன்று வந்தவை ஏழு கைகள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. எட்டு.